வரப்பெற்றோம்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தபால்காரர் போட்டுவிட்டுப் போகும் தபால் கட்டுக்குள் மெலிந்த பொட்டலம் ஒன்று மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒருமுறை இருக்கும். குறுக்கே ஒரு காகிதப் பட்டை, இரண்டு பக்கமும் திறந்தபடி. அப்போது புத்தக அஞ்சல் என்றால் மூடி ஒட்டக் கூடாது. ஒட்டினால் கடிதக் கட்டணம் கேட்பார்கள். பட்டையின்மேல் என் முகவரி, ஆசிரியரின் கையெழுத்திலேயே. சில நேரம் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: ‘சந்தா இத்துடன் முடிகிறது.’ அட்டையில் விலை இருக்காது, ‘நன்கொடை’ என்று இருக்கும். கீழே பொடி எழுத்தில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’. பதிவு வாங்காமல் நடத்துகிற பத்திரிகைக்கு அந்த இரண்டு சொல்தான் குடை.

நான் அதைப் பின்னாலிருந்து பிரிப்பேன். கடைசிப் பக்கத்திலோ அதற்கு முந்தியதிலோ ‘வரப்பெற்றோம்’ என்று ஒரு பகுதி இருக்கும். அந்த இதழுக்கு மாற்றாக வந்து சேர்ந்த மற்றச் சிற்றிதழ்களின் பெயர், ஆசிரியர் பெயர், முகவரி, ஆண்டுச் சந்தா. விமர்சனம் கிடையாது, பாராட்டும் கிடையாது. இடம் போதாமல் எழுத்தை நெருக்கி அச்சுக்கோத்திருப்பார்கள். பெங்களூரிலிருந்து ‘படிகள்’, ஊட்டியிலிருந்து ‘மீட்சி’, கோவையிலிருந்து ‘நிகழ்’, நாகர்கோவிலிலிருந்து ‘காலச்சுவடு’ என்று பெயர்கள் எனக்குத் தெரிய வந்தது இப்படித்தான். பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் பத்திரிகைகளில் இவை எதுவும் இல்லை. அன்று சென்னைக்குப் போகிறவர்கள் ரங்கநாதன் தெருவில் மா. அரங்கநாதனின் ‘முன்றில்’ புத்தகக் கடையில் நின்று வாங்க முடிந்தது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்தப் பொடி எழுத்துப் பட்டியல்தான் கடை.

பெயரைப் பார்த்தால் போதாது. அஞ்சலகத்துக்குப் போய் எம்.ஓ. என்கிற மணியார்டர் பாரம் வாங்க வேண்டும். அப்போது இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன். பாரத்தின் அடியில் செய்தி எழுத ஒரு கட்டம் உண்டு. மூன்று வரி பிடிக்கும். ‘இன்ன இதழில் தங்கள் முகவரி கண்டேன், பழைய இதழ்கள் இருந்தால் சேர்த்து அனுப்பவும்’ என்று அதில் நுணுக்கி எழுதுவேன். பத்துப் பன்னிரண்டு நாளில் ஒப்புகைச் சீட்டு திரும்பி வரும். பணம் வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக அதில் கையெழுத்து இருக்கும், அதுவும் நான் வியந்து படித்த ஒருவருடைய கையெழுத்து. அப்படிப்பட்ட சீட்டுகளில் நாலைந்தை இன்னும் வைத்திருக்கிறேன். கதாசிரியருக்கும் வாசகனுக்கும் இடையே பதினைந்து ரூபாய்க் கொடுக்கல் வாங்கல் நடந்ததற்கு அரசாங்கச் சாட்சி.

எல்லாம் ஒழுங்காக வந்தது என்று சொன்னால் பொய். ஒரு பத்திரிகைக்குப் பன்னிரண்டு இதழுக்குச் சந்தா கட்டினேன், வந்தது இரண்டு. மூன்றாவதற்குப் பதிலாக ஒரு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஆசிரியருக்கு வேலை மாற்றலாம், அச்சகத்தில் பாக்கியாம், விரைவில் மீண்டும் வருமாம். வரவில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை; அந்தக் கடிதமே இதழ் மாதிரி நன்றாக எழுதப்பட்டிருந்தது.

இன்னொரு வழி அஞ்சலட்டை. திருநெல்வேலியில் சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்து விமர்சகர் தி.க.சி. எழுதிய அட்டைகளைப் பற்றி அந்தத் தலைமுறை எழுத்தாளர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். எங்கோ ஒரு மூலையில் எவனோ முதல் கதை எழுதியிருப்பான், ஒரு வாரத்தில் அட்டை போய் நிற்கும். வல்லிக்கண்ணனும் அப்படித்தான். கைக்கு வந்த ஒவ்வொரு சிற்றிதழையும் படித்துப் பதில் போட்டவர், பிறகு அவற்றின் வரலாற்றையே ‘தமிழில் சிறு பத்திரிகைகள்’ என்று புத்தகமாக எழுதினார். இந்த இரண்டு பேரும் அட்டையில் பாராட்டியதோடு நிற்க மாட்டார்கள், ‘இன்னாரையும் படித்துப் பாருங்கள்’ என்று ஒரு பெயரைச் சேர்ப்பார்கள். இப்போது கணினி செய்வதாகச் சொல்லும் பரிந்துரை வேலையை அன்று இரண்டு கிழவர்கள் பேனாவால் செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த வழியில் என்னென்ன கிடைத்தது என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து ‘எழுத்து’ தொடங்கினார். 119 இதழ்கள், 1970 வரை. ஆசிரியர், மெய்ப்புப் பார்ப்பவர், கட்டு கட்டுபவர், புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்பவர் எல்லாம் அவரே. அந்த மெலிந்த இதழ் கடல் தாண்டித் திருகோணமலைக்குப் போனது. அங்கே இருபது வயதை ஒட்டிய ஒரு இளைஞர் அதைப் படித்துவிட்டுக் கவிதையும் விமர்சனமும் எழுதி அனுப்பினார். தருமு சிவராமு என்ற பிரமிள் அப்படி வந்தவர். வட இந்தியாவில் வேலையில் இருந்த வெங்கட் சாமிநாதன் எழுத வந்ததும் ‘எழுத்து’ வழியாகத்தான். 1962-இல் செல்லப்பா ‘புதுக்குரல்கள்’ தொகுப்பைப் போட்டபோது அதில் 24 கவிஞர்கள் இருந்தார்கள். சிற்றிதழில் வாசகர் எழுத்தாளரைக் கண்டுபிடித்தார் என்பது பாதிதான். எழுதப் போகிறவன் தான் எழுத வேண்டிய இடத்தையும் அதே தபாலில் கண்டுபிடித்தான்.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா கதை இன்னும் நேரானது. முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர் 1966-இல் ‘மல்லிகை’ தொடங்கி, கையில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்றார். நானூறு இதழ்களுக்கு மேல் கொண்டுவந்தார். யுத்தம் வந்து யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்குப் போன பிறகும் நிறுத்தவில்லை. எனக்கு அன்று ‘மல்லிகை’ என்பது ‘வரப்பெற்றோ’மில் பார்த்த ஒரு பெயர், அவ்வளவுதான். இலங்கைக்கு எம்.ஓ. அனுப்பும் துணிச்சல் எனக்கு இல்லை. இப்போது நூலகம் நிறுவனத்தின் தளத்தில் அந்தப் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறேன். முப்பத்தைந்து வருடம் தாமதமாக வந்த தபால்.

பழையதை இப்படிச் சொல்லும்போது குரல் தானாகக் கனிந்துவிடுகிறது, அதில் எனக்கே சந்தேகம் உண்டு. ‘வரப்பெற்றோம்’ என்பது உண்மையில் யாருடைய பட்டியல்? மாற்று இதழ் அனுப்பிக்கொண்டவர்களின் பட்டியல். ஆசிரியருக்குப் பிடிக்காதவரின் இதழ் வந்தாலும் ‘பெறவில்லை’. இரண்டு குழுவுக்குச் சண்டை என்றால் மூன்று வருடம் ஒருவர் பெயர் மற்றவர் பக்கத்தில் வராது. எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ‘எழுத்து’ காலத்துக் கவிஞர்களில் பெண் என்று உடனே நினைவுக்கு வருவது இரா. மீனாட்சி ஒரு பெயர்தான். வீட்டு முகவரிக்குத் தன் பெயரில் தபால் வருவதே பேச்சாகிவிடும் வீடுகளில் இருந்த பெண்கள் எம்.ஓ. பாரத்தை எங்கே போய் நிரப்புவார்கள்? கிடைத்ததை நினைத்து மகிழ்கிற நான், எனக்குக் கிடைக்காமல் போனது எவ்வளவு என்று கணக்குப் போட்டதில்லை. அதற்குக் கணக்கும் கிடையாது.

நடுவில் ஒரு காலம் வந்து போனது. 1999-இல் ‘திண்ணை’ இணைய இதழ், 2004-இல் வலைப்பதிவுகளைத் திரட்டித் தந்த ‘தமிழ்மணம்’. காலையில் எழுந்ததும் யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று ஒரே பக்கத்தில் பார்த்தோம். கூகுள் ரீடரில் நூறு பேரைச் சேர்த்து வைத்திருந்தேன். 2013 ஜூலை 1-ஆம் தேதி அதை மூடினார்கள். அதன் பிறகு ஃபேஸ்புக் காட்டியதைப் படித்தேன். அதில் எழுத்தாளர்கள் கிடைத்தார்கள், எழுத்துதான் அடுத்த நாள் தேடினால் கிடைக்காது.

இப்போது நியூஸ்லெட்டர். தமிழில் செய்திமடல் என்கிறோம். நான் படிக்கும் பலவற்றில் செய்தி குறைவு, மடல்தான் அதிகம். எழுதுகிறவர் ஒருவர், இடையில் ஆசிரியர் குழு இல்லை, மின்னஞ்சலில் நேராக வீட்டுக்கு வருகிறது. இது புதிய சரக்கு என்று நினைக்க வேண்டாம். ‘எழுத்து’க்கு ஆறு வருடம் முன்னால், 1953-இல், வாஷிங்டனில் ஐ.எஃப். ஸ்டோன் என்ற பத்திரிகையாளர் வேலை போன நிலையில் நாலு பக்க வாராந்தர மடல் ஒன்றைத் தொடங்கினார். மனைவி எஸ்தர் சந்தாக் கணக்கைப் பார்த்துக்கொண்டார். ஆண்டுச் சந்தா ஐந்து டாலர். சுமார் ஐயாயிரம் பேரோடு தொடங்கி, 1971-இல் நிறுத்தும்போது ஏறக்குறைய எழுபதாயிரம் பேர். செல்லப்பாவுக்கு இந்த எண்ணைக் காட்டியிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் தொழில் ஒன்றுதான்.

மின்னஞ்சல் யுகத்தில் இதைப் பிழைப்பாக்கிக் காட்டியவர்களில் முக்கியமானவர் பென் தாம்சன். 2013-இல் ‘ஸ்ட்ராடெக்கரி’ தொடங்கி, அடுத்த வருடமே சந்தா வசூலித்தார். அதைப் பார்த்து 2017-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று பேர் சப்ஸ்டாக் என்ற மடல் சேவை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். எழுதுகிறவர் சந்தா வைத்தால் அதில் பத்து சதவீதம் நிறுவனத்துக்கு. பாஸ்டன் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியை ஹெதர் காக்ஸ் ரிச்சர்ட்சன் 2019-இல் சப்ஸ்டாக்கில் எழுதத் தொடங்கிய அன்றாடக் கடிதம் இன்று பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் போகிறது. இது உச்சி. அடிவாரத்தில் நாற்பது பேருக்கும் நூற்றிருபது பேருக்கும் எழுதுகிறவர்கள் கணக்கில்லாமல் இருக்கிறார்கள். எனக்கு அக்கறை அவர்களிடம்தான், அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.

சப்ஸ்டாக் 2022 ஏப்ரலில் பரிந்துரை என்று ஒரு வசதி கொண்டுவந்தது. ஒருவரிடம் சேர்ந்ததும், அவர் பரிந்துரைக்கும் மற்றவர்களையும் வரிசையாகக் காட்டி, சேருகிறீர்களா என்று கேட்கும். முதலில் அசந்துபோனேன், ‘வரப்பெற்றோம்’ திரும்பி வந்துவிட்டது, இந்த முறை எம்.ஓ. பாரம் இல்லாமல்! ஒரு மாதத்தில் அறுபது மடல்கள் வரத் தொடங்கின. படித்தது ஆறு. யோசித்தால் காரணம் தெரிகிறது. நீ என்னைப் பரிந்துரை, நான் உன்னைப் பரிந்துரைக்கிறேன் என்கிற மொய் வழக்கம் அங்கே வந்துவிட்டது. பழைய மாற்று இதழ் முறையிலும் மொய் உண்டுதான். ஆனால் அன்று சேர எனக்குப் பதினைந்து ரூபாயும் ஒரு மத்தியானமும் செலவானது. செலவானதால் தேர்ந்தெடுத்தேன். இங்கே விரல் நுனியில் சேர்ந்துவிடுகிறேன், பிறகு குற்ற உணர்வோடு அழிக்கிறேன்.

எனக்கு நல்ல மடல்கள் வந்து சேர்ந்த வழி வேறு. சென்ற ஆண்டு ஒரு மொழிபெயர்ப்பாளரின் மடலைப் படித்துக்கொண்டிருந்தேன். அடியில் ‘பி.கு.’ போட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் ஒருவர் மாதம் ஒருமுறை எழுதுகிறார், நூல் விலை ஏறினால் ஒரு தெரு என்ன ஆகிறது என்பதை அவரைப் போலச் சொல்ல ஆள் இல்லை என்று இரண்டு வரி. போய்ப் பார்த்தேன். வெறும் எழுத்து, படம் இல்லை, தலைப்பில்கூட மாதத்தின் பெயர்தான். முதல் மடலில் ஒரு கட்டிங் மாஸ்டர் துணி அடுக்கின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே, இந்த லாட் துவைத்தால் சுருங்கும் என்று சொல்வதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அடுத்தது, சனிக்கிழமை சம்பளம் போடும் மேசையில் யார் எந்த வரிசையில் நிற்பார்கள், யார் சம்பளத்தில் யாருடைய முன்பணக் கடன் கழியும் என்று. வாரப் பத்திரிகை எதுவும் இவரிடம் கதை கேட்டிருக்காது. இவரும் தன்னை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பழைய மடல்கள் பத்தையும் ஒரே இரவில் படித்தேன்.

எந்தக் கணினிக் கணக்கும் இவரை என்னிடம் கொண்டுவந்திருக்காது. எனக்கும் பனியன் தொழிலுக்கும் சம்பந்தம் இல்லை. நான் நம்பும் ஒருவர் அடிக்குறிப்பில் கை காட்டினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த மடலையும் அடியிலிருந்து படிக்கும் பழைய பழக்கம் திரும்பிவிட்டது.

காசு விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டோன் வருடத்துக்கு வாங்கிய ஐந்து டாலர் இன்று பல மடல்களுக்கு மாதச் சந்தா. பத்துப் பேருக்குக் கொடுத்தால் மாதம் நாலாயிரம் ரூபாயைத் தாண்டும். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, மாதாமாதம் அட்டையில் தானாகப் பணம் பிடிக்கத் தனி ஒப்புதல் வேண்டும்; அதில் என்னுடைய இரண்டு சந்தாக்கள் அறுந்தன. எழுதுகிறவர் பக்கம் நிலைமை இன்னும் மோசம். சப்ஸ்டாக் பணம் பிரித்துக் கொடுப்பது ஸ்ட்ரைப் என்ற பணப்பட்டுவாடா நிறுவனம் வழியாக. இந்தியாவில் ஸ்ட்ரைப் கணக்கு நினைத்தவுடன் கிடைப்பதில்லை. அதனால் திருப்பூர்க்காரர் இலவசமாக எழுதுகிறார். யு.பி.ஐ.யில் டீக்கடைக்குப் பத்து ரூபாய் அனுப்பும் நாட்டில், ஒரு கணக்குப்பிள்ளையின் மடலுக்குச் சந்தா அனுப்ப நேரான வழி இல்லை. எம்.ஓ. பாரமே மேல் என்று ஒரு நிமிடம் தோன்றியது, மறைக்கவில்லை.

அன்று இதழ் நின்றுபோகும், அஞ்சலகம் அப்படியே இருக்கும். இன்று எழுதுகிறவர் இருக்கிறார், அஞ்சலகம்தான் மூடிக்கொண்டு போகிறது. ட்விட்டர் 2021-இல் வாங்கிய ‘ரெவ்யூ’ என்ற மடல் சேவை 2023 ஜனவரியில் மூடப்பட்டது. சின்ன மடல்காரர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த ‘டைனிலெட்டர்’ 2024 பிப்ரவரி 29-ஆம் தேதியோடு முடிந்தது. நல்லவேளை, இந்த ஏற்பாட்டில் ஒன்று மட்டும் செல்லப்பா காலத்தைப் போலவே இருக்கிறது. சந்தாதாரர் பதிவேடு எழுதுகிறவர் கையில். முகவரிப் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டு வேறு சேவைக்குப் போய்விடலாம். ஃபேஸ்புக்கில் ஐயாயிரம் நண்பர்களைச் சேர்த்தவர் அவர்களைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போக முடியாது. நூறு முகவரி வைத்திருப்பவர் போகலாம். மடல் எழுதலாமா என்று கேட்கிற இளைஞர்களிடம் நான் இதை மட்டும்தான் சொல்கிறேன்: மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தபால் தவறுவது இன்றும் உண்டு. ஜிமெயில் 2013-இல் பிரித்து வைத்த விளம்பரப் பகுதிக்குள் மடல் போய் விழுந்தால், புடவைத் தள்ளுபடிக்கும் கடன் அட்டைக்கும் நடுவில் கிடக்கும். ஒரு நாள் அங்கே தேடியதில், நான் நின்றுவிட்டது என்று நினைத்த ஒரு மடலின் எட்டு இதழ்கள் இருந்தன. நிஜமாகவே நின்றுபோனவையும் உண்டு. கடைசி வரியில் ‘அடுத்த வாரம் சந்திப்போம்’ என்று இருக்கும், அடுத்த வாரம் வந்திருக்காது. அந்தக் காலத்து ஆசிரியர் மாற்றலையும் அச்சக பாக்கியையும் சொல்லிக் கடிதமாவது எழுதினார். இவர்கள் எழுதாததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். எழுதினால் படிக்க யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. எத்தனை பேர் திறந்தார்கள் என்று அவர்களுக்கு எண் காட்டும். எண் பேசாது.

திருப்பூர்க்காரருக்கு நான் எழுதினேன். மடலுக்கு வழக்கம்போலப் பதில் பொத்தானை அழுத்தி எழுதினால் அது அவருக்கே போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கட்டிங் மாஸ்டரின் உள்ளங்கையைப் பற்றி மூன்று வரி, பழைய எம்.ஓ. கட்டத்தில் பிடிக்கும் அளவுதான். அன்று இரவே பதில் வந்தது. பத்து மாதத்தில் வந்த இரண்டாவது கடிதமாம் என்னுடையது. முதலாவது அவருடைய மைத்துனர் எழுதியதாம், ஒரு எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டி.

இந்த வாரம் நீங்கள் படித்த மடல்களில் ஏதாவது ஒன்று பிடித்திருந்தால், எழுதியவருக்கு மூன்று வரி போடுங்கள். அதன் முகவரியை, அதைப் படிக்கக் கூடியவர் என்று நீங்கள் நினைக்கும் ஒருவருக்கு, ஒருவருக்கு மட்டும், அனுப்புங்கள். எனக்கும் அனுப்பலாம். வரப்பெற்றோம் என்று போட ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன்.